டேக் ஒன் மீ: ரெண்டு தரம் படுத்து மூண்டாந்தரம் நம்பர் 1 ஆன பாட்டு, இப்பவும் காசு குடுத்து வாங்கலாமா?

முடிவ முதல்லயே சொல்லிடுறன், வாங்கலாம், தாராளமா வாங்கலாம். ஆனா எத வாங்குறது எண்டதில தான் விசயம் இருக்கு. நோர்வே பேண்ட் ஆ-ஹாவோட "டேக் ஒன் மீ" எண்டா எல்லாரும் 1985ல வந்த அந்த ஒரு ரெக்கோடிங்கத்தான் நினைக்கிறாங்க, ஆனா அந்த மெட்ட அந்த மூண்டு பெடியளும் வருஷக்கணக்கா திருப்பித் திருப்பி செஞ்சிருக்கிறாங்க, வெளியிட்டு ஒருத்தரும் வாங்காம விட்டிருக்கிறாங்க, பிறகும் விடாம செஞ்சிருக்கிறாங்க. அதையும் சேத்துக் கேட்டாத்தான் இந்தப் பாட்டு ஏன் அமெரிக்காவில முதலிடத்துக்கு போச்சுது எண்டு காதுக்கு விளங்கும்.

எனக்கு இது எப்பிடி கைக்கு வந்தது எண்டா, ஒஸ்லோவில இருக்கிற சித்தப்பா லீவில வரேக்க ரெண்டு சாமான் கொண்டு வந்தவர், ஒண்டு அந்தக் காலத்து 7 இஞ்சி ரெக்கோட், மற்றது "ஹன்டிங் ஹை அன்ட் லோ" அல்பத்தின்ர 2010 டெலக்ஸ் பதிப்பு, ரெண்டு சிடி. எங்கட ஆக்களுக்கு நோர்வே எண்டா இலங்கைச் சமாதானப் பேச்சுவார்த்தையும் யுத்தநிறுத்தக் கண்காணிப்புக் குழுவும் தான் ஞாபகம் வரும், ஆனா 80களில எங்கட பக்கத்து பெடியள் கனபேர் ஃபோல்க் ஹைஸ்கூல்ல (அங்க தங்கிப் படிக்கிற ஒரு வகைப் பள்ளிக்கூடம்) அட்மிஷன் எடுத்துத்தான் அங்க போனவங்க, சித்தப்பாவும் அப்பிடிப் போனவர் தான். போய் இறங்கின நேரம் அங்க கடை, பஸ், ஹொஸ்டல் எங்க போனாலும் இந்தப் பாட்டுத்தானாம். அவருக்கு அந்த நாட்டில முதல் முதல் பழகின குரல் ஆ-ஹாவின்ர பாடகர் மோர்டன் ஹார்கெட்டின்ர குரல் எண்டு சொல்லுவார். இங்க திருமலையில (திருகோணமலை) அந்த வருஷங்கள் எப்பிடி இருந்தது எண்டு தெரியும் தானே, ஊரடங்கு, இடம்பெயர்வு, கசட்டில பாட்டுப் பதிஞ்சு குடுக்கிற ரெக்கோடிங் பார் எல்லாம் பூட்டிப் பூட்டித் திறந்த காலம், அதால இந்தப் பாட்டு எங்களுக்கு கனகாலம் பிந்தித்தான் வந்தது.

சரி, ரெக்கோடில தொடங்குறன். என்ட வீட்டில ரெக்கோட் பிளேயர் இல்ல, உவர்மலையில ஒரு சினேகிதன் வீட்டில அவன்ட அப்பாட பிளேயர் இன்னும் ஓடுது, ஊசி மட்டும் புதுசு போட்டிருக்கிறாங்க. ரெக்கோட் கவர் ஓரத்தில கொஞ்சம் பழுத்துப் போய் இருந்தாலும் தட்டில கீறல் இல்ல. 45 வேகத்தில வச்சு ஊசிய இறக்கின உடன முதல்ல வாறது ட்ரம் மெஷின் மட்டும் தான், லின்ட்ரம் எண்ட மெஷின், உலர்ந்த அடி, பின்னால ஒண்டும் இல்ல. பிறகு கீழ பேஸ் சிந்த் (மின் கீபோட்டில வாற அடிச்சத்தம்) நுழையுது, அதுக்குப் பிறகு தான் உலகமே முணுமுணுக்கிற அந்த கீபோட் ரிஃப், திரும்பத் திரும்ப வாற சின்ன மெட்டுத் துண்டு, துள்ளிக்கொண்டு வருது. போன்ல கேக்கேக்க இந்த மூண்டும் ஒண்டா கலந்து ஒரு சத்தமா வந்திடும். ரெக்கோடில ஒவ்வொண்டும் தனித்தனியா, எது எந்த இடத்தில நிக்குது எண்டு கையால காட்டலாம் போல கேக்குது. கோரஸுக்கு அடியில ஒரு அக்கூஸ்டிக் கிட்டார் சும்மா உரசிக்கொண்டு போகுது பாருங்க, நான் இத்தன வருஷம் கேட்டும் அது அங்க இருக்கெண்டத கவனிச்சதே ரெக்கோடிலதான். இத எல்லாரும் சிந்த்பாப் எண்டு சொல்லுறாங்க, சரி, ஆனா அந்த மரக் கிட்டார் இல்லாட்டி பாட்டு இவ்வளவு சூடா இருக்காது எண்டது என்ட அபிப்பிராயம். மறுபக்கத்தில "லவ் இஸ் ரீசன்" எண்டு ஒரு பாட்டு, கேக்கலாம், பெரிசா ஒண்டும் இல்ல.

நான் சீசனுக்கு உப்புவெளி பக்கத்து ஹொட்டலுகளில கீபோட் வாசிக்கிறனான், வெள்ளைக்காரர் கேக்கிற பாட்டுகளில இது எப்பவும் இருக்கும், அதால இந்த ரிஃப் என்ட விரலுக்கு நல்லாப் பழக்கம். கேக்க லேசு மாதிரி, வாசிக்கேக்க தான் தெரியும். நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 169 அடி வேகம், அந்த வேகத்தில வலது கை ஒரே சுரத்த இழுத்துப் பிடிக்காம குத்திக் குத்தி எடுக்கவேணும், ஒரு சுரம் கொஞ்சம் நீண்டாலும் துள்ளல் போயிடும். ஒரிஜினல்ல ரோலண்ட் ஜூனோ-60, யமஹா டிஎக்ஸ்7 எண்ட ரெண்டு கீபோட்டையும் சேத்துப் போட்டிருக்கிறாங்க, ஒண்டு தடிச்ச சத்தம், மற்றது மணி மாதிரி கூர், ரெண்டும் சேந்தாத்தான் அந்த வெளிச்சம். இப்ப வாற மலிவு கீபோட்டுகளில "80ஸ்" எண்டு ஒரு டோன் இருக்கும், அத நம்பாதீங்க, ரெண்டு டோன லேயர் பண்ணி நீங்களே செய்யுங்க.

இன்னொரு நுட்பம். பாட்டு ஏ மேஜர்ல இருக்கு, ஆனா ரிஃப்பும் வரிகளும் தொடங்கிறது பி மைனர்ல, பிறகு ஈ, ஏ, டி எண்டு சுத்திக்கொண்டே இருக்கு, எங்கயும் ஆறுதலா குந்தாது. காது வீட்டுக்கு வரப் பாத்துக்கொண்டு இருக்கேக்க கோரஸ் நேரா ஏயில வந்து இறங்குது, அதுவும் ஹார்கெட் ஆக அடிக் குரலில. அங்க இருந்து ஒவ்வொரு வரிக்கும் ஏறி ஏறிப் போய் கடைசியில பொய்க்குரலில உச்சியத் தொடுறார். சங்கீதம் படிச்சாக்களுக்கு சொல்லுறதெண்டா, ஆறு கட்டை சுருதி எண்டு வச்சுக்கொள்ளுங்க, மந்தர ஸ்தாயி ஸட்ஜத்தில தொடங்கி தார ஸ்தாயி பஞ்சமத்தில முடியுது, ரெண்டரை ஸ்தாயி. கச்சேரியில மந்தர பஞ்சமத்தில இருந்து தார பஞ்சமம் வரைக்கும் துப்பரவா பாடினாலே சபாஷ் எண்டுவம், இந்த மனுசன் அதுக்கும் கீழ இருந்து புறப்பட்டு ஒரே கோரஸுக்குள்ள ஏறி முடிக்கிறார். ஹொட்டல்ல பாட வாற பெடியளுக்கு நான் முதலே சொல்லிடுவன், மேல போறதப் பற்றி யோசிக்காத, தொடங்குற அந்தக் கீழ் சுரத்த சரியா பிடி எண்டு. கனபேர் கீழ குரல் இல்லாம ஒரு ஸ்தாயி கூட்டித் தொடங்குவாங்க, பிறகு உச்சிக்கு போக இடமே இருக்காது.

இப்ப டெலக்ஸ் சிடிக்கு வாறன், இதுதான் என்னைப் பொறுத்தவரைக்கும் பெறுமதியான சாமான். ஆ-ஹாவில மற்ற ரெண்டு பேர், பால் வாக்டாரும் மாக்னே ஃபுருஹோல்மனும், முதல் பிரிட்ஜஸ் எண்ட பேண்டில இருந்தவங்க, இந்த ரிஃப் அப்பவே பிறந்திட்டுது, சுவிங்கம் விளம்பரம் மாதிரி கேக்குது எண்டு அதுக்கு "ஜூசி ஃப்ரூட் சோங்" எண்டு பேரும் வச்சிருக்கிறாங்க. ஹார்கெட் வந்து சேந்தாப் பிறகு அதே ரிஃப்ப வச்சு "லெசன் ஒன்" எண்டு வேற வரிகளோட ஒண்டு செஞ்சாங்க. அந்த 1982 டெமோ இந்த டெலக்ஸ்ல இருக்கு. சத்தம் மெலிவு, ஆனா ரிஃப் அப்பிடியே இருக்கு, கோரஸ் தான் இன்னும் வந்து சேரேல்ல. பிறகு லண்டனுக்குப் போய் கையில காசில்லாம ஸ்டூடியோ தேடினவங்க, ஜோன் ராட்கிளிஃப் எண்டவரின்ர ஸ்டூடியோவத் தெரிவு செஞ்சதே அங்க ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கேம் மெஷின் ஒண்டு இருந்ததாலயாம். அந்தத் தெரிவுதான் அவங்கள மனேஜர் டெரி ஸ்லேட்டரிட்டயும் அங்க இருந்து வார்னர் கொம்பனிக்கும் கொண்டு போனது.

1984ல டோனி மான்ஸ்ஃபீல்ட் தயாரிப்பில முதல் பதிப்பு வந்தது. ஃபெயர்லைட் எண்ட விலை கூடின கொம்பியூட்டர் சிந்தில கைதேர்ந்த மனுசன் அவர். கேட்டுப் பாருங்க, பாட்டு அதே பாட்டு, பாடுறதும் அதே ஆள், ஆனா எல்லாம் மெலிஞ்சு, தட்டையா, ட்ரம் ஒரு பக்கம் டொக் டொக் எண்டு அடிக்க குரல் அதுக்கு மேல தனியா மிதக்குது. உச்சிக்கு ஏறுற இடத்தில கூட மயிர்க்கூச்செறியேல்ல. பிரிட்டன்ல 137ஆம் இடம். அதுக்கும் ஒரு வீடியோ இருந்தது, நீலப் பின்னணியில மூண்டு பேரும் நிண்டு பாடி ஆடுற சாதாரண வீடியோ, அது ஒண்டையும் காப்பாத்தேல்ல.

பிறகு தான் அலன் டார்னி வாறார். க்ளிஃப் ரிச்சர்டுக்கு "வீ டோன்ட் டோக் எனிமோர்" எழுதின அதே ஆள். 1985ல திரும்ப ரெக்கோட் பண்ணி இப்ப நாங்க கேக்கிற பதிப்ப செஞ்சவர் இவர்தான். ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்க, இதுக்காகவே இந்த ரிவியூவ எழுதுறன். ரிஃப் முன்னுக்கு வந்திட்டுது, பேஸ் கீழ இருந்து தள்ளுது, கோரஸ் தொடங்குற கீழ் சுரத்துக்கு இடம் விட்டிருக்கிறார், குரல் ஏற ஏற பின்னால இருக்கிற எல்லாம் சேந்து அகலுது. ஒரு மெட்டுக்கு தயாரிப்பாளர் என்ன செய்வார் எண்டு கேக்கிற பெடியளுக்கு இதவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது, ஒரு மணித்தியாலம் விளக்கத் தேவையில்ல, எட்டு நிமிஷம் போதும்.

ஆனா இங்க ஒரு விசயத்த நேர்மையா சொல்லவேணும். அந்த அருமையான டார்னி பதிப்பும் லண்டன்ல முதல் தரம் வெளியிடேக்க படுத்திட்டுது. அதே ரெக்கோடிங், ஒரு சுரம் மாறேல்ல. அதால "நல்ல பாட்டு தானா மேல வரும்" எண்டு சொல்லுறவங்களுக்கு இந்தப் பாட்டு சாட்சி சொல்லாது. மற்றப் பக்கம், "எல்லாம் வீடியோவால தான்" எண்டு சொல்லுறவங்களோடயும் எனக்கு ஒத்துப்போக ஏலாது. தேர எவ்வளவு வடிவாக் கட்டினாலும் வடம் பிடிக்க ஆக்கள் இல்லாட்டி அது இருப்பிடத்திலயே நிக்கும், ஆனா அச்சு முறிஞ்ச தேர ஊரே சேந்து இழுத்தாலும் வீதி சுத்தாது. 1984 பதிப்பு அச்சு சரியில்லாத தேர், 1985 பதிப்பு வடத்துக்குக் காத்துக்கொண்டு நிண்ட தேர்.

அந்த வடம் அமெரிக்காவில இருந்து வந்தது. அங்கத்த வார்னர் ஆக்கள் காசு போட்டு ஸ்டீவ் பரனக் கூப்பிட்டாங்க, மைக்கல் ஜாக்சன்ட "பில்லி ஜீன்" வீடியோ எடுத்தவர். ஒரு பெட்டை லண்டன்ல ஒரு தேத்தண்ணிக் கடையில இருந்து சித்திரக்கதைப் புத்தகம் பாத்துக்கொண்டு இருக்கிறா, புத்தகத்துக்குள்ள இருந்து பென்சிலால கீறின கை ஒண்டு வெளிய வந்து அவவ உள்ள கூப்பிடுது. எல்லாரும் பாத்திருப்பீங்க. முதல் நடிச்சுப் படம் பிடிச்சு, பிறகு ஒவ்வொரு ஃபிரேமையும் பென்சிலால கீறி எடுத்தது, மைக்கல் பாட்டர்சனும் கான்டஸ் ரெக்கிங்கரும் கிட்டத்தட்ட 3000 ஃபிரேம், 16 கிழமை. இப்ப போன்ல ஒரு ஃபில்டர் போட்டா அர நிமிஷத்தில வந்திடும் எண்டு மருமகன் சொல்லுறான், அவன நிறுத்தி வச்சு கோடுகள் ஒவ்வொரு ஃபிரேமிலயும் நடுங்குறதக் காட்டினன், ஒரு கோடு இருந்த இடத்தில அடுத்த ஃபிரேமில இல்ல, கீறினவங்கட கை அங்க தெரியுது. 2019ல 4கே தரத்தில திருத்திப் போட்ட பதிப்பு யூடியூப்ல இருக்கு, கட்டாயம் அதையே பாருங்க, பழைய மங்கல் கொப்பி வேண்டாம்.

பாட்டு வீடியோ போடுற அமெரிக்க டிவி சனல் எம்டிவி இந்த வீடியோவ விடாமப் போட்டது. அந்தக் காலத்து பில்போர்ட் ஹொட் 100 கடை விற்பனையையும் ரேடியோவில போடுறதையும் சேத்துக் கணக்கெடுக்கிற பட்டியல், அதால டிவியில பாத்த சனம் கடையிலயும் கேக்க ரேடியோவுக்கும் ஃபோன் எடுக்க ரெண்டு பக்கத்தாலயும் பாட்டு ஏறத் தொடங்கிட்டுது. ஜூலை மாசம் பட்டியலின்ர அடியில நுழைஞ்சது மெல்ல மெல்ல ஏறி 1985 ஒக்டோபர் 19ஆம் திகதிப் பட்டியல்ல நம்பர் 1. ஒரே ஒரு கிழமை தான், அடுத்த கிழமை விட்னி ஹூஸ்டன்ட "சேவிங் ஓல் மை லவ் ஃபோர் யூ" வந்திட்டுது. ஒரு நோர்வே பேண்ட் அந்த இடத்துக்கு போனது அதுதான் முதல் தரம்.

பிரிட்டன்ல மூண்டாந்தரம் வெளியிட்டாப் பிறகு 2ஆம் இடம் வரைக்கும் போச்சுது, மூண்டு கிழமை அங்கயே நிண்டது, மேல போகேல்ல, ஏனெண்டா மேல ஜெனிஃபர் ரஷ்ட "த பவர் ஒஃப் லவ்" குந்திக்கொண்டு இருந்தது, அந்த வருஷம் பிரிட்டன்லயே ஆகக் கூட விற்ற சிங்கிள் அது. அந்தக் காலத்து பிரிட்டன் பட்டியல் கடை விற்பனைய மட்டும் எண்ணினது, ரேடியோ கணக்கில்ல, அப்பிடியிருந்தும் 137ல இருந்து 2க்கு வந்தது எண்டா யோசிச்சுப் பாருங்க. மேற்கு ஜெர்மனி, அவுஸ்திரேலியா, சுவீடன், சொந்த நாடு நோர்வே எல்லா இடமும் முதலிடம். அடுத்த வருஷம் எம்டிவி விருதுகளில ஆறு இந்த வீடியோவுக்கே போச்சுது. அந்த வருஷத்துச் சிறந்த வீடியோ எண்ட பெரிய விருது மட்டும் "மணி ஃபோர் நத்திங்" பாட்டுக்கு, அதையும் எடுத்தவர் இதே ஸ்டீவ் பரன் தான்.

எனக்கு கோபம் வாற இடம் ஒண்டு இருக்கு. அமெரிக்காக்காரர் எழுதுற பட்டியல்கள் எல்லாத்திலயும் ஆ-ஹாவ "ஒரு பாட்டோட காணாமப் போனவங்க" எண்டு போடுறாங்க. அடுத்த சிங்கிள் "த சன் ஓல்வேஸ் ஷைன்ஸ் ஒன் டிவி" 1986 ஜனவரியில பிரிட்டன்ல நம்பர் 1, முதல் பாட்டுக்கு கிடைக்காத இடம் ரெண்டாவதுக்குக் கிடைச்சது. 1987ல ஜேம்ஸ் பொண்ட் படத்துக்கே பாட்டுப் போட்டவங்க. அல்பத்த முழுசாக் கேளுங்க, தலைப்புப் பாட்டு "ஹன்டிங் ஹை அன்ட் லோ" இருக்கு, இரவில நிலாவெளி ரோட்டில ஹெட்போனோட பஸ்ஸில வரேக்க கேக்கிற பாட்டு, அத ஒருக்கா கேட்டவங்க இந்தக் கதைய திரும்பச் சொல்ல மாட்டாங்க.

மற்றாக்கள் பாடின பதிப்புகளப் பற்றி சுருக்கமா. 2000ல ஏ1 எண்ட பேண்ட் பாடினது பிரிட்டன்ல நம்பர் 1க்கு போனது, ஒரிஜினல் போகாத இடத்துக்கு, ஆனா அதில உச்சி சுரம் இருக்கே தவிர கீழ இருந்து ஏறி வாற அந்தப் பயணம் இல்ல, நான் திரும்பக் கேக்கேல்ல. 2017ல ஆ-ஹாவே நோர்வேயில அன்பிளக்ட் நிகழ்ச்சிக்கு வேகத்த நல்லாக் குறைச்சு சிந்த் இல்லாம பாடினாங்க, அது வேற விசயம். துள்ளல எடுத்தாப் பிறகு உள்ளுக்குள்ள எவ்வளவு துக்கம் இருந்தது எண்டு அப்பதான் தெரியுது, ஹார்கெட் உச்சிய உரத்து எட்டிப் பிடிக்காம மெல்லமாத் தொட்டிட்டு இறங்குறார். எங்கட அம்மாவுக்கு இங்கிலீஷ் பாட்டு எண்டாலே தலையிடி, அவ சமையலறையில இருந்து எட்டிப் பாத்து இது ஆர் பாடுறது எண்டு கேட்டவ. 2025 ஜூனில ஹார்கெட்டுக்கு பார்கின்சன் நோய் எண்டு அவங்களே அறிவிச்சாங்க, சித்தப்பா அந்தச் செய்திய ஃபோன்ல சொல்லேக்க குரல் தழுதழுத்தது.

வாங்குறவங்களுக்கு: ரெக்கோட் பிளேயர் இருந்தா மட்டும் 7 இஞ்சி தேடுங்க, அதுவும் கையில வாங்கிப் பாத்திட்டு எடுங்க. எங்கட ஊர் உப்புக்காத்துக்கும் புழுக்கத்துக்கும் கவர் பூஞ்சணம் பிடிக்கும், பிளாஸ்டிக் உறை போட்டு நிமித்தி வச்சிருக்கவேணும், படுக்கப் போட்டா வளைஞ்சிடும். ஒன்லைன்ல ஒருத்தரிட்ட "ஒரிஜினல்" எண்டு சினேகிதன் எடுப்பிச்சது வந்து சேரேக்க லேபிள் கலர் பிரிண்டில ஒட்டின சாமான், காசும் திரும்ப வரேல்ல. அதால கண்ணால காணாம வாங்க வேண்டாம். மற்ற எல்லாருக்கும் டெலக்ஸ் பதிப்பு தான், சிடியா வாங்க ஏலாட்டி ஸ்ட்ரீமிங்ல எடுங்க. 2015ல வந்த நாலு சிடி பெட்டியும் இருக்கு, அது என்ன மாதிரி ஒவ்வொரு மிக்ஸையும் ஒப்பிட்டுக் கேக்கிற ஆக்களுக்கு, வேற ஆக்கள் அவ்வளவு காசு போடத் தேவையில்ல.

கேக்கிற ஒழுங்கு: முதல் 1982 டெமோ, பிறகு 1984 பதிப்பு, பிறகு 1985, கடைசியா 2017. ஓட்டோவில பூட்டின சப் வூஃபர்ல போடாதீங்க, பேஸ் எல்லாத்தையும் விழுங்கி ரிஃப் காணாமப் போயிடும், சாதாரண வயர் ஹெட்போன் போதும். திருமலை டவுன் பக்கம் இருக்கிற கீபோட் பழகிற பெடியள் ஆருக்கும் சிடி கேக்க வேணுமெண்டா சொல்லுங்க, சனி ஞாயிறு பின்னேரம் நான் வீட்ட தான்.